உள்பக்கம் திருப்பிப் பாருங்க



மாட்டுச் சந்தையில ஒரு மணி நேரம் நின்னு பார்த்தவங்களுக்கு இது தெரியும். விவரமான ஆள் மாட்டோட நிறத்தை முதல்ல பார்க்க மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, முழுசாச் சேர்ந்துடுச்சான்னு பார்த்தா வயசு தெரிஞ்சுடும். கொம்பைச் சீவி எண்ணெய் தடவலாம். மேனியைத் தேய்ச்சுக் குளிப்பாட்டிப் பளபளன்னு நிறுத்தலாம். பல்லை அப்படி மாத்த முடியாது. விக்கிறவன் காட்டுற இடத்தைப் பார்க்காதே, காட்டாத இடத்தைப் பாருன்னு எங்கப்பா சொல்லுவார்.

இன்னைக்கு எழுதப் போறது மாட்டைப் பத்தி இல்லீங்க. பழைய பட்டாளத்து உடுப்பைப் பத்தி. பச்சையும் பழுப்புமாத் திட்டுத்திட்டா இருக்குமே, உருமறைப்புத் துணி, அதுல தைச்ச சட்டைகளைப் பத்தி. இரண்டாம் உலகப் போர்ச் சட்டை, வியட்நாம் போர்ச் சட்டைன்னு தேடித் தேடிச் சேர்க்கிறவங்க உலகம் பூரா இருக்காங்க. நல்ல ஜெர்மன் சட்டை ஒண்ணு பல ஆயிரம் யூரோவுக்குப் போகுது. அவ்வளவு பணம் புழங்குற இடத்துல போலி வராம இருக்குமா?

பருத்தியும் மக்காச்சோளமும் போடுற ஆளுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. என் தம்பி மகன் ஜெர்மனியில வேலை பார்க்கிறான். அவனுக்கு இந்தப் பழைய உடுப்பு மேல ஒரு பைத்தியம். என் வீட்டுக்காரம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில பதினஞ்சு வருஷம் செக்கிங் வேலை பார்த்தவங்க. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து ஓய்வுல வந்தவர். இந்த மூணு பேரும் திண்ணையில உக்காந்து பேசினதைக் கேட்டதும், தம்பி மகன் அனுப்பினதைப் படிச்சதும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

மறையுற உடுப்பு எப்ப வந்துச்சு?

எது எந்த வருஷம் வந்துச்சுன்னு தெரியாம நிஜம் பொய் சொல்ல முடியாது. அதனால வரலாற்றுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு காலத்துல சண்டைக்குப் போற சிப்பாய் கண்ணுக்குத் தெரியணும்னுதான் உடுப்பு தைச்சாங்க. 1914இல் முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்ப பிரெஞ்சு சிப்பாய்கள் நீலக் கோட்டும் சிவப்புப் பேண்ட்டும் போட்டுக்கிட்டுத்தான் போனாங்க. எதிரில மெஷின் கன். என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண் நிறத்துல உடுப்பு போடுற யோசனை அதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்துல வந்துடுச்சு. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கைட்ஸ் என்ற படையை ஆரம்பிச்சார். அந்தப் படைக்குப் புழுதி நிறத்துல உடுப்பு கொடுத்தார். பாரசீகத்துல ‘காக்’ன்னா புழுதி. அதுல இருந்து வந்ததுதான் காக்கி. இன்னைக்கு நம்ம போலீஸ்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் போடுறது அந்தப் புழுதியைத்தான்.

ஆனா காக்கி ஒரே நிறம். ஒரே நிறமா இருந்தா ஆள் உருவம் தெரிஞ்சுடும். கொள்ளுக் காட்டுல கௌதாரி உக்காந்திருக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. அது பறந்தாத்தான் அங்கே இருந்ததே தெரியும். அதோட மேல ஒரே நிறம் இல்லை. கோடும் புள்ளியுமா உடம்போட ஓரத்தையே உடைச்சு வெச்சிருக்கு. அந்த வித்தையை மனுஷன் துணியில கொண்டு வர்றதுக்கு முதல் உலகப் போர் வரைக்கும் ஆச்சு. 1915இல் பிரெஞ்சு ராணுவம் இதுக்குன்னே ஒரு பிரிவை உண்டாக்குச்சு. தலைமை தாங்கினவர் கிரான் டி செவோலா என்ற ஓவியர். பீரங்கியை மறைக்கிற துணி, ஒளிஞ்சிருந்து சுடுறவங்களோட அங்கின்னு எல்லாத்தையும் தூரிகை வெச்சுக் கையாலதான் தீட்டினாங்க.

ஆலையில அச்சடிச்சு மொத்தமாக் கொடுத்தது முதல்ல இத்தாலி ராணுவம். வருஷம் 1929. முதல்ல அது சட்டைத் துணி இல்லை, கூடாரத் துணி. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு சதுரத் துண்டு. மழை பெய்தாப் போர்த்திக்கலாம், நாலு பேர் துண்டைச் சேர்த்துப் பட்டன் போட்டாக் கூடாரம். ரெண்டு வருஷம் கழிச்சு, 1931இல், ஜெர்மன் ராணுவமும் அதே மாதிரி கூடாரத் துணியைத்தான் கொண்டு வந்துச்சு. கண்ணாடி உடைஞ்ச சில்லு மாதிரி கோணக் கோணமா இருக்கும் அந்த அச்சு.

துணி நிஜம், சட்டை பொய்

இந்த இத்தாலித் துணியில ஒரு விசேஷம் இருக்கு. 1929இல் வந்த அந்த அச்சு சின்னச் சின்ன மாற்றத்தோட 1990 வாக்குல வரைக்கும் ஓடிச்சு. அறுபது வருஷம். 1943 செப்டம்பர்ல இத்தாலி சரணடைஞ்சப்ப, அங்கே குவிஞ்சு கிடந்த துணியை ஜெர்மன்காரங்க அள்ளிக்கிட்டாங்க. அதுல சட்டையும் பேண்ட்டும் தைச்சுத் தங்கள் சிப்பாய்களுக்குக் கொடுத்தாங்க. 1944இல் நார்மண்டிச் சண்டையில 12ஆவது எஸ்எஸ் படைப்பிரிவுல பல பேர் போட்டிருந்தது இத்தாலித் துணிதான். அந்தப் பிரிவுல பாதிக்கு மேல பதினேழு பதினெட்டு வயசுப் பசங்க.

இப்ப ஏமாத்துறவனோட கணக்கைப் பாருங்க. போருக்கு அப்புறம் வந்த இத்தாலிக் கூடாரத் துணி பழைய சாமான் சந்தையில மலிவாக் கிடைக்கும். அதை வெட்டி ஜெர்மன் மாதிரி சட்டை தைச்சா விலை எங்கேயோ போயிடும். துணியைத் தொட்டுப் பார்க்கிறவர் ‘நிஜ ராணுவத் துணிதான்’னு சொல்லுவார். அவர் சொல்றதும் தப்பில்லை.

தம்பி மகன் போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப அப்படி ஒரு சட்டையைக் கொண்டு வந்தான். 1944ஆம் வருஷச் சட்டைன்னு சொல்லி வித்திருக்காங்க. முன்பக்கம் விரிச்சு வெச்சு, “பெரியப்பா, அச்சைப் பாருங்க, எவ்வளவு கரெக்டா இருக்கு”ன்னான். வீட்டுக்காரம்மா கை துடைச்சுக்கிட்டு வந்தாங்க. “அச்சு கிடக்குது கண்ணு, முதல்ல உள்பக்கம் திருப்பு”ன்னாங்க.

திருப்பினோம். கம்பெனியில செக்கிங் பண்ற மாதிரியே தோள்பட்டையில ஆரம்பிச்சு, அக்குள், கைமுட்டி, பக்கவாட்டுத் தையல்னு விரலாலயே தடவிக்கிட்டுப் போனாங்க. முதுகுப் பக்கம் ஒரு இடத்துல நின்னாங்க. வரிசையா ஊசி ஓட்டை. ஆனா அந்த இடத்துல தையலே இல்லை. ஒரு காலத்துல தையல் இருந்து பிரிச்ச தடம். அதுக்கு ஒரு சாண் தள்ளி வட்டமா ஒரு ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டைத் தூக்கிப் பார்த்தா கூடாரக் கயிறு கோக்கிற ஓட்டை.

அப்புறம் பக்கவாட்டுத் தையலோட கடைசியில தொங்கிக்கிட்டிருந்த நூலைக் கால் அங்குலம் கத்தரிச்சு, இடுக்கியில பிடிச்சு விளக்குல காட்டினாங்க. பருத்தி நூல்னா காகிதம் மாதிரி எரிஞ்சு, ஊதினாப் பறக்கிற சாம்பல் ஆகும். இது சுருங்கி உருகி, கடுகு மாதிரி கறுப்பா உருண்டுக்கிச்சு. “பாலியெஸ்டர்”னு சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க.

பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடிச்சது 1941இல், இங்கிலாந்துல, வின்ஃபீல்டு, டிக்சன்னு ரெண்டு பேர். அது ஆலைக்குப் போய், நூலாகி, கடைக்கு வந்தது போர் முடிஞ்ச பிறகு. 1944இல் தைச்ச ஜெர்மன் சட்டையோட பக்கவாட்டுத் தையல்ல அது இருக்க வழியே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஒரே ஒரு இடத்து நூலை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. நிஜமான சட்டையைப் பின்னாடி யாராவது கிழிசல் தைச்சுப் போட்டிருக்கலாம். ஒட்டுத் தையல்ல புது நூல் இருந்தா அது குற்றமில்லை. தோள், பக்கவாட்டு, கைன்னு சட்டையையே சேர்த்து நிறுத்துற தையல்கள்ல எல்லாம் புது நூல் இருந்தாத்தான் சட்டையே புதுசுன்னு அர்த்தம். நாங்க நாலு இடத்துல பார்த்தோம். நாலும் உருகிச்சு.

அச்சும் துணியும் ஒத்துப் போகணும்

ஏமாத்துறவன் கெட்டிக்காரனா இருந்தா பருத்தி நூல்லயே தைப்பான். அப்ப வேற பல்லைப் பார்க்கணும்.

ஜெர்மனியில வாஃபன் எஸ்எஸ் படைக்குன்னு தனியா ஒரு வகை உடுப்பு இருந்துச்சு. அதுக்கான அச்சுகளை உருவாக்கினவர் ஓட்டோ ஷிக் என்ற பேராசிரியர். ஒரு பக்கம் வசந்த காலத்துப் பச்சை, திருப்பிப் போட்டா இலையுதிர் காலத்துப் பழுப்பு. 1938 கடைசியில உற்பத்தி ஆரம்பிச்சப்ப கையாலதான் அச்சடிச்சாங்க. அதனால கொஞ்சம்தான் தைக்க முடிஞ்சது. 1940 நடுவுல இயந்திர அச்சுக்கு மாறின பிறகுதான் ஆயிரக்கணக்குல வந்துச்சு.

ஆரம்பத்துல போட்டது தண்ணி இறங்காத கெட்டியான, நெருக்கமா நெய்த உயர்தரப் பருத்தித் துணி. போர் நீண்டுக்கிட்டே போச்சு, பருத்தி வர்ற வழி அடைபட்டுது. 1943 ஜனவரியில அந்த நல்ல துணி ஏறக்குறைய தீர்ந்தே போச்சு. அப்புறம் போட்டது தண்ணி இறங்குற சாதாரண டிரில் துணி. 1944இல் பட்டாணியைத் தூவின மாதிரி புள்ளிப் புள்ளியா ஒரு புது அச்சு வந்துச்சு. அது இந்தப் பிந்தின காலத்துத் துணியிலதான் வரணும். அந்தப் புள்ளி அச்சு, 1939ஆம் வருஷத்து மாதிரி நெருக்கமான நீர்புகாத் துணியில இருந்தா என்ன அர்த்தம்? கொம்பைப் பார்த்தா கிழட்டு மாடு, பல்லைப் பார்த்தா ரெண்டு பல்லு. ரெண்டும் ஒரே மாட்டுல இருக்க முடியாது. அச்சுக்கு ஒரு வயசு, துணிக்கு ஒரு வயசு, நூலுக்கு ஒரு வயசு. மூணும் ஒண்ணாச் சேரணும்.

பருத்தி விவசாயியா எனக்கு இதுல ஒண்ணு தோணும். அந்த ராணுவம் மெலிஞ்சுக்கிட்டே வந்த கதையைத் துணியே சொல்லுது. செடி காஞ்சுபோற வருஷம் பஞ்சு எப்படிக் குட்டை இழையா வருமோ, அப்படி.

அமெரிக்கா கதை வேற. 1942 ஜூலையில ஜெனரல் மெக்ஆர்தர் ஒன்றரை லட்சம் காட்டு உடுப்பு வேணும்னு கேட்டார். அப்ப வந்த அச்சுக்குத் தவளைத் தோல்னு செல்லப் பேரு. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கடற்கரைக்கு ஏத்த பழுப்பு. அதை வரைஞ்சவர் நார்வெல் கில்லெஸ்பி. அவர் தோட்டக்கலைக்காரர், ‘பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்’ பத்திரிகையில தோட்டப் பகுதிக்கு ஆசிரியர். செடி கொடியோட நிழல் எப்படி விழும்னு தெரிஞ்ச ஆளைத்தான் பிடிச்சிருக்காங்க.

அந்த உடுப்போட நெசவைப் பாருங்க. மீன் முள் மாதிரி சாய்வுக் கோடு மாறி மாறி ஓடும். போருக்குப் பிறகு இதே தவளை அச்சை வாத்து வேட்டைக்குப் போறவங்களுக்காகக் கடையில வித்தாங்க. அதுல பெரும்பாலும் அந்த மீன்முள் நெசவு இருக்காது. அச்சு ஒண்ணுதான். ஒண்ணு போருக்குப் போனது, இன்னொண்ணு வாத்து சுடப் போனது.

இதே உடுப்பைப் போட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 1944இல் நார்மண்டியில இறங்கினப்ப, தூரத்துல பார்த்த சொந்த ஆட்களே எஸ்எஸ் படைன்னு நினைச்சுச் சுட்டுட்டாங்க. அதனால ஐரோப்பாவுல அதைக் கழட்டச் சொல்லிட்டாங்க. மறைக்கிறதுக்குப் போட்ட உடுப்பே ஆளைக் காட்டிக் கொடுத்துடுச்சு.

முத்திரையும் சீட்டும்

பிரிட்டிஷ் பாராசூட் படைக்கு 1942 வாக்குல டெனிசன்னு ஒரு மேலங்கி வந்துச்சு. மணல் நிறத்து மேல பச்சையும் பழுப்புமாப் பெரிய தூரிகை இழுப்பு. தொடைக்கு நடுவுல கொண்டு வந்து மாட்டுற வால் மாதிரி ஒரு துண்டு, குதிக்கும்போது அங்கி மேலே ஏறாம இருக்க. முதல்ல வந்ததுல கைநுனியில கம்பளிப் பின்னல். 1944 வாக்குல வந்த ரெண்டாவது மாதிரியில அதுக்குப் பதிலா பட்டையும் பட்டனும். ஜிப்பு நெஞ்சு வரைக்கும்தான். 1959ஆம் வருஷ மாதிரியிலதான் கீழே வரைக்கும் முழு ஜிப்பு வந்துச்சு.

அப்ப முழு ஜிப்பு இருந்தாப் போர்க்காலத்து அங்கி இல்லைன்னு சொல்லிடலாமா? சொல்ல முடியாது. போர்க்காலத்துலயே சில அதிகாரிகள் தையக்காரர்கிட்டக் கொடுத்து முழு ஜிப்பு வெச்சுக்கிட்டாங்க. அப்ப ஜிப்பைச் சுத்தின தையலைப் பார்க்கணும். எதுவுமே தனியா நின்னு சாட்சி சொல்லாது.

அமெரிக்கச் சட்டையில உள்ளே ஒரு சீட்டு இருக்கும். ஒப்பந்த எண் போட்டிருக்கும். வியட்நாம் போர்க்காலத்துல அது டிஎஸ்ஏ என்ற எழுத்துகள்ல ஆரம்பிக்கும். அந்தக் கொள்முதல் நிறுவனத்தோட பேரு 1977 ஜனவரியில டிஎல்ஏன்னு மாறிச்சு. டிஎல்ஏன்னு போட்ட சட்டையை ‘வியட்நாம்ல சண்டை போட்டது’ன்னு யாராவது வித்தா நம்பாதீங்க. அந்தப் போர் 1975லயே முடிஞ்சு போச்சு. அதே மாதிரி சரக்கு எண். 1974க்கு முன்னாடி 11 இலக்கம், அப்புறம் 13 இலக்கம். எண்ணிப் பார்த்தாப் போதும்.

ஆனா சீட்டு இல்லைன்னா போலின்னும் சொல்லிடாதீங்க. வியட்நாம்ல புலிவரின்னு ஒரு அச்சு இருந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன பல்லி அச்சுல இருந்து பிறந்தது. அமெரிக்க ராணுவம் அதுக்கு முறையா அளவுத்திட்டமோ பெரிய ஒப்பந்தமோ போடலை. அங்கே இருந்த சிறப்புப் படைக்காரங்க உள்ளூர்த் தையக்கடையில வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. அதனால ஒண்ணைப் போல ஒண்ணு இருக்காது. நிஜமான புலிவரிச் சட்டை பலதுல சீட்டே கிடையாது. ரொம்ப ஒழுங்கான சீட்டோட வந்தாத்தான் அங்கே சந்தேகப்படணும்.

நான் கத்துக்கிட்ட வரிசையைச் சொல்லிடறேன். எதைச் சேர்க்கிறது சுலபமோ அதைக் கடைசியா நம்புங்க. ரப்பர் முத்திரை ஐந்து நிமிஷ வேலை. சீட்டு மாத்துறது அரை மணி நேரம். பட்டன், ஜிப்பு மாத்துறது ஒரு நாள். பழைய நெசவுத் துணியைப் புதுசா உண்டாக்குறது பெரிய செலவு. ஒரு ஆள் ரெண்டு வருஷம் போட்டு உழைச்ச தேய்மானத்தை உண்டாக்குறது எல்லாத்தையும் விடக் கஷ்டம்.

வெயில் எங்கே விழும்?

அந்தத் தேய்மானத்தைப் பத்திச் சொன்னவர் ஹவில்தார் அண்ணன்.

என் காட்டுச் சட்டையைப் பாருங்க. தோளும் முதுகும் வெளுத்துக் கிடக்கும். அக்குளுக்குக் கீழே நிறம் அப்படியே இருக்கும். பாக்கெட் மூடியைத் தூக்கினா உள்ளே பத்து வருஷத்துக்கு முந்தின நிறம் தெரியும். மண்வெட்டி சாய்க்கிற வலது தோள் இடதை விட முன்னாடியே கிழியும். காலர் மடிப்புல வேர்வை தின்னிருக்கும். வெயிலும் வேலையும் எங்கே படுதோ அங்கேதான் துணி சாகும்.

பட்டாளத்துக்காரனுக்கும் அதேதான்னார் அண்ணன். துப்பாக்கி வார் தொங்குற தோள், பெல்ட்டு உராயுற இடுப்பு, தவழ்ந்து போற முழங்கை, முட்டி. அந்த இடங்கள்ல தேய்மானம் இருக்கணும். மத்த இடத்துல கொஞ்சம் நிறம் மிச்சம் இருக்கணும்.

போலி செய்யறவன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், டீத்தண்ணியில முக்குவான், பிளீச்சிங்ல ஊற வைப்பான். அப்ப எல்லா இடமும் சமமா வெளுத்துடும். பாக்கெட் மூடிக்கு அடியிலயும் வெளுப்பு, அக்குள்லயும் வெளுப்பு. ஒரு தையல் மடிப்பைக் கொஞ்சம் விரிச்சுப் பாருங்க. பழைய சட்டைன்னா மடிப்புக்குள்ள நிறம் பளிச்சுன்னும், மடிப்பு ஓரத்துல ஒரு கோடு அழுக்கும் இருக்கும். முக்கி எடுத்ததுல அந்தக் கோடு வராது.

கள்ள நோட்டு பார்க்கிற நீல விளக்கையும் அடிச்சுப் பார்ப்பாங்க. வெள்ளை வேட்டி அந்த விளக்குல பளீர்னு மின்னுறது சோப்புத் தூள்ல கலக்கிற வெளுப்பு ரசாயனத்தால. அது பரவலாப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம். அதனால நூலோ சீட்டோ அந்த விளக்குல மின்னினா சந்தேகப்படணும். ஆனா நிஜச் சட்டையையே யாராவது இன்னைக்குச் சோப்புத் தூள்ல துவைச்சிருந்தாலும் மின்னும். மின்னாம இருக்கிறது நல்ல அறிகுறி. மின்னுறது மட்டும் குற்றப் பத்திரிகை ஆகாது.

நம்ம ஊர்ல

எங்க ஊர் வாரச் சந்தையில பட்டாளத்து டிசைன் பேண்ட்டு மலிவாக் கிடைக்கும். மருந்து அடிக்கப் போற பசங்க அதைத்தான் போட்டுக்கிட்டுப் போவாங்க. அழுக்குத் தெரியாது, கெட்டியா உழைக்கும். 2016 ஜனவரியில பதான்கோட் விமானப்படைத் தளத்துல தாக்குதல் நடந்துச்சு. வந்தவங்க ராணுவ உடுப்புல வந்தாங்க. அதுக்கு அப்புறம் ராணுவம், பொதுமக்கள் ராணுவ மாதிரி உடுப்பைப் போட வேண்டாம், கடைக்காரங்க விக்க வேண்டாம்னு கேட்டுக்கிச்சு. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்துல புது உடுப்பை அறிமுகம் செஞ்சாங்க. அந்த அச்சைத் தங்கள் பேருல வடிவமைப்பாப் பதிவும் செஞ்சுக்கிட்டாங்க, வேற யாரும் அடிக்கக் கூடாதுன்னு. எங்கேயோ ஐரோப்பாவுல பழைய சட்டை சேர்க்கிறவங்களுக்கு நிஜம் பொய்யால போறது பணம். கேட்டுல காவல் நிக்கிற சிப்பாய்க்கு அது உயிர்.

அந்தத் தையல் யாரோடது?

கடைசியா, இதை நான் எழுத உக்காந்ததுக்கான காரணத்தைச் சொல்றேன்.

பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்ப்ரூக்னு ஒரு இடம். 1939 மே மாசம் அங்கே பெண்களுக்குன்னு ஒரு வதைமுகாமைத் திறந்தாங்க. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அங்கே கைதிகளாப் பதிவானாங்க. போலந்து, சோவியத், பிரான்சுன்னு பல நாட்டுக்காரங்க. யூதர்கள், ஜிப்சிகள், அரசியல் கைதிகள். 1940இல் எஸ்எஸ் அமைப்பே டெக்ஸ்லெட்னு ஒரு துணிக் கம்பெனியை ஆரம்பிச்சு, அந்தக் கைதிகளைத் தையல் மெஷின்ல உக்கார வெச்சது. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு. இத்தனை உருப்படி தைச்சே ஆகணும்னு கணக்கு. குறைஞ்சா அடி. அவங்க தைச்சது தங்களை அடைச்சு வெச்சவங்களோட படைக்கு உடுப்பு. 1945 ஏப்ரல் 30இல் சோவியத் படை வந்துதான் அந்த முகாம் விடுபட்டுது.

எஸ்எஸ் சட்டை எல்லாமே அங்கே தைச்சதில்லை. தனியார் கம்பெனிகளும் தைச்சாங்க. ஆனா ஒரு நிஜச் சட்டையோட பக்கவாட்டுத் தையல் ராத்திரி ஷிப்டுல பட்டினியோட உக்காந்திருந்த ஒரு கைதியோடதா இருக்கலாம்.

தம்பி மகன் இதைச் சொன்ன அன்னைக்கு என் வீட்டுக்காரம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், “நாங்க ஓவர்டைம் பார்த்த ராத்திரிக்கே கை மரத்துப் போகும். கூலி வாங்கிக்கிட்டுத்தான் பார்த்தோம்”னு மட்டும் சொன்னாங்க.

இதனாலதான் நிஜம் எது பொய் எதுன்னு பார்க்கிறது வெறும் பொழுதுபோக்கு இல்லைன்னு நினைக்கிறேன். போலிச் சட்டையை நிஜம்னு விக்கிறவனுக்கு வீரம், ரத்தம், சண்டைன்னு ஒரு கதை வேணும். அந்தக் கதையில தையல் மெஷின்ல உக்காந்தவங்களுக்கு இடமே இருக்காது. ஒரு போலிச் சட்டை கண்ணாடிப் பெட்டிக்குள்ள போனா, யாரும் படாத கஷ்டத்துக்கு அது சாட்சி சொல்லும். நிஜச் சட்டை எங்கேயோ பரண்ல மட்கிப் போகும்.

அதனால உங்க வீட்டுல, சொந்தக்காரங்க வீட்டுல, தாத்தா காலத்துப் பட்டாளத்து உடுப்பு ஏதாவது இருந்தா ரெண்டு காரியம் செய்யுங்க. சோப்புத் தூள் போட்டுத் துவைச்சுடாதீங்க. நிழல்ல காத்தாட விட்டு, வேப்பிலை போட்டுப் பருத்தித் துணியில சுத்தி வைங்க. ரெண்டாவது, அதைப் போட்டவர் யாரு, எந்த வருஷம், எந்தப் படை, எந்த ஊர்ல இருந்தார்னு தெரிஞ்சவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு ஒரு காகிதத்துல எழுதி அந்தப் பாக்கெட்டுலயே வைங்க. துணியையும் நூலையும் பார்த்து வருஷத்தைத்தான் கண்டுபிடிக்க முடியும். பேரைக் கண்டுபிடிக்க முடியாது.